அண்டார்டிகா கப்பல் பயணம்: அறையைப் பார்க்காதீர்கள், கரையில் கிடைக்கும் நேரத்தைப் பாருங்கள்

அர்ஜென்டினாவின் தென்கோடியில் உள்ள உஷுவாயாவில் கப்பலேறி, டிரேக் நீரிணையைக் கடந்து, அண்டார்டிகா தீபகற்பத்தின் மேற்குக் கரையோரத்தில் சில நாள் சுற்றிவிட்டு அதே துறைமுகத்தில் வந்து இறங்கும் 10 அல்லது 11 நாள் பயணம். அண்டார்டிகா மண்ணில் கால் வைக்கும் சுற்றுலாப் பயணிகளில் பெரும்பாலோர் வாங்குவது இதைத்தான். விற்கும் நிறுவனங்கள் பல. எல்லோருடைய விளம்பரத்திலும் அதே பென்குயின், அதே நீலப் பனிமலை. விலை மட்டும் ஒருவருக்குச் சுமார் 7,000 அமெரிக்க டாலரில் தொடங்கி 20,000-ஐயும் தாண்டிப் போகிறது. இதில் எந்தப் பணம் வீண், எது கொடுத்தே ஆகவேண்டியது என்று பிரித்துப் பார்ப்பது அவசியம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். சரியான கப்பலில் போனால் கொடுத்த காசுக்கு மேலேயே கிடைக்கும். தவறான கப்பலில் போனால் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து பனியைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். எது சரியான கப்பல் என்பது அறையின் அகலத்திலோ சாப்பாட்டுக் கூடத்தின் பளபளப்பிலோ இல்லை. கப்பலில் எத்தனை பயணிகள் என்ற ஓர் எண்ணில் இருக்கிறது.

காரணம் விதிகள். ஒரு கரையிறங்கும் இடத்தில் ஒரே நேரத்தில் 100 பயணிகளுக்கு மேல் நிற்கக் கூடாது. 20 பேருக்குக் குறைந்தது ஒரு வழிகாட்டி இருக்க வேண்டும். ஓர் இடத்தில் ஒரு சமயத்தில் ஒரு கப்பல்தான். 500-க்கும் மேற்பட்ட பயணிகளோடு வரும் கப்பல் யாரையும் கரையில் இறக்கவே கூடாது. பயண நிறுவனங்கள் 1991-இல் தொடங்கிய ஐயாட்டோ என்ற கூட்டமைப்பு கடைப்பிடிக்கும் வரம்புகள் இவை. அண்டார்டிக் உடன்படிக்கை நாடுகள் 2009-இல் எடுத்த முடிவிலும் இதே எண்கள்தான்.

இதை உங்கள் நேரமாக மாற்றிப் பாருங்கள். 100 பேர் கப்பல் என்றால் எல்லோரும் ஒன்றாக இறங்கி, வானிலை ஒத்துழைத்தால் இரண்டரை மூன்று மணி நேரம் கரையில் இருக்கலாம். 200 பேர் என்றால் பாதிப் பேர் கரையில், மீதிப் பேர் ஜோடியாக் எனப்படும் ரப்பர் படகில் பனிமலைகளுக்கு இடையே சுற்றிக்கொண்டிருப்பார்கள். ஒன்றேகால் அல்லது ஒன்றரை மணி நேரத்தில் மாற்றிக்கொள்வார்கள். இதில் பெரிய இழப்பு இல்லை. பனித்தட்டின் மேல் படுத்திருக்கும் சிறுத்தைச் சீல் என்ற கடல்நாயைப் படகிலிருந்துதான் நன்றாகப் பார்க்க முடியும். 400 பேர் என்றால் கதை வேறு. நான்கு குழு, முறை வரும்வரை கப்பலில் காத்திருப்பு, கரையில் ஒரு மணி நேரம் கிடைத்தாலே நல்லது. காலையில் கடைசியாக இறங்கும் குழுவின் முறை வருவதற்குள் காற்று கிளம்பிவிட்டால் அன்றைய கணக்கு அதோடு முடிந்தது.

அடுத்தது நாட்கணக்கு. 11 நாள் பயணத்தில் முதல் நாள் மாலைதான் கப்பல் கிளம்பும். கடைசி நாள் காலைச் சாப்பாட்டோடு இறக்கிவிடுவார்கள். டிரேக்கைக் கடக்கப் போக இரண்டு நாள், வர இரண்டு நாள். மிச்சம் ஐந்து. ஒரு நாளைக்குக் காலையும் மதியமுமாக இரண்டு இறக்கம் என்றால் பத்து. அதில் இரண்டு மூன்றைக் காற்றோ பனித்தட்டோ பறித்துக்கொள்ளும். 10 நாள் பயணத்தில் மிச்சம் நான்கே நாள். விளம்பரத்தில் ஒரு நாள் வித்தியாசம் போலத் தெரிவது உண்மையில் அண்டார்டிகா நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கு. இரண்டு கப்பலின் விலையை ஒப்பிடும்போது மொத்த நாட்களால் வகுக்காதீர்கள். நடுவில் உள்ள அந்த நான்கு ஐந்து நாட்களால் வகுங்கள். அப்போது சில "மலிவு" பயணங்கள் மலிவில்லை என்று தெரியும்.

120 முதல் 200 பேர் வரை கொள்ளும் கப்பல்தான் பெரும்பாலோருக்குப் பொருத்தம். அதைவிடச் சின்னக் கப்பலில் கரை நேரம் அதிகம் என்றாலும், அவற்றில் பழையவை அதிகம். வேகம் குறைவு, ஆட்டம் கூடுதல். முன்பணம் கட்டுமுன் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டிய பதில்கள் சில உண்டு: பயணிகளின் உச்ச எண்ணிக்கை, எத்தனை குழுவாகப் பிரிப்பார்கள், வழிகாட்டிகள் எத்தனை பேர், எல்லாப் பயணிகளுக்கும் ஒரே நேரத்தில் போதுமான படகுகள் உண்டா. இவற்றுக்கு நேராகப் பதில் சொல்லாமல் மாடி முற்றத்தின் படத்தை அனுப்பும் விற்பனையாளரை விட்டுவிடலாம்.

அறை விஷயத்தில் மனத்தைக் கல்லாக்கிக்கொள்ளுங்கள். மேல் தளத்தில் பால்கனியுள்ள அறைக்கு இரண்டு மடங்கு விலை. டிரேக்கில் அதிகம் ஆடுவதும் அதுதான். கப்பல் முன்னும் பின்னும் எழுந்து அமிழ்வது ஏற்ற இறக்கப் பலகை (சீசா) ஆட்டம் மாதிரி: நடுவில் இருப்பவருக்கு அசைவு குறைவு, முனையில் இருப்பவருக்கு அதிகம். பக்கவாட்டில் சாயும்போதும் உயரத்தில் இருப்பவர்தான் கூடுதலாக வீசப்படுவார். கீழ்த்தளத்தில், கப்பலின் நீளத்தில் நடுவில், வட்டச் சன்னல் வைத்த அறை போதும். கடல் கொந்தளித்தால் அந்தச் சன்னல்களை இரும்பு மூடியால் அடைத்துவிடுவார்கள், பயப்பட ஒன்றுமில்லை. மூன்று பேர் பகிரும் அறை இன்னும் மலிவு, கரை நேரம் எல்லோருக்கும் ஒன்றே. பெரிய கப்பலின் பெரிய அறைக்குக் கொடுக்கும் பணத்தைச் சின்னக் கப்பலின் சின்ன அறைக்குக் கொடுப்பதே புத்திசாலித்தனம்.

டிரேக்கைக் கடப்பது

தென் அமெரிக்காவின் முனைக்கும் அண்டார்டிகாவை ஒட்டிய தெற்கு ஷெட்லாந்து தீவுகளுக்கும் நடுவே சுமார் 800 கிலோமீட்டர். அந்த அட்சரேகையில் உலகைச் சுற்றி எங்குமே நிலம் குறுக்கிடுவதில்லை என்பதால் காற்றும் அலையும் தடையின்றி ஓடிவந்து இந்த இடுக்கில் நெருங்குகின்றன. சில பயணங்களில் ஏரி மாதிரி இருக்கும், சில பயணங்களில் எட்டு மீட்டர் அலை வரும். முன்கூட்டி யாரும் உத்தரவாதம் தர முடியாது.

குமட்டலுக்கு மருந்து எடுப்பதில் நடக்கும் தவறு ஒன்றுதான்: தாமதம். மாலையில் கிளம்பிய கப்பல் முதல் சில மணி நேரம் பீகிள் கால்வாயின் அமைதியான நீரில் போகும். எல்லோரும் நிறையச் சாப்பிட்டு, "இவ்வளவுதானா" என்று தூங்கப் போவார்கள். நள்ளிரவு வாக்கில் திறந்த கடல். வாந்தி தொடங்கியபின் விழுங்கிய மாத்திரை வயிற்றில் நிற்காது. அதன்பின் கப்பல் மருத்துவரின் ஊசிதான் வழி. மெக்லிசின் போன்ற மாத்திரை என்றால் முதல் நாள் இரவு படுக்குமுன் போட்டுவிடுங்கள். ஸ்கோபோலமின் ஒட்டு என்றால் காதுக்குப் பின்னால், முடியில்லாத காய்ந்த தோலில், குறைந்தது நான்கு மணி நேரம் முன்பே ஒட்ட வேண்டும். மூன்று நாள் வேலை செய்யும். ஒட்டியவுடன் கையைச் சோப்பால் கழுவுங்கள். அந்த விரல் கண்ணில் பட்டால் கண்மணி விரிந்து பார்வை மங்கும். கண் அழுத்த நோய் உள்ளவர்களுக்கும் சிறுநீர் இறங்கச் சிரமப்படுபவர்களுக்கும் இந்த ஒட்டு ஆகாது. வயதானவர்களுக்கு மனக்குழப்பம் வரலாம். ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டு, ஒரு நாள் சோதித்துப் பார்த்துவிட்டு எடுத்துப் போவது நல்லது.

வெறும் வயிறு குமட்டலைக் கூட்டும். பிஸ்கெட், ரொட்டி, ஆப்பிள் என்று கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள். கைபேசித் திரையை உற்றுப் பார்க்காதீர்கள். குமட்டலைவிடக் கவனிக்க வேண்டிய ஆபத்து கதவு. கப்பல் சாயும்போது கனமான கதவு தானே அறைந்து மூடும்; நிலைச்சட்டத்தைப் பிடித்திருந்த விரல் நசுங்கும். கைப்பிடியை மட்டும் பிடியுங்கள். ஒரு கை எப்போதும் கம்பியில் இருக்கட்டும்.

துணிமணியும் சுத்தமும்

டிரேக்கின் இரண்டாம் நாளில் எல்லோரும் தங்கள் வெளியுடைகளோடும் பைகளோடும் கூடத்துக்கு வரவேண்டும். வேக்வம் கிளீனர், தூரிகை, சாமணம் எல்லாம் காத்திருக்கும். வெல்க்ரோ பட்டைகள், சட்டைப் பையின் மூலைகள், முதுகுப்பையின் தையல், நடைக்கோலின் நுனி, காலணியின் அடி: விதை ஒளிந்திருக்கும் இடங்கள் இவை. சம்பிரதாயத்துக்காகச் செய்வதில்லை. தெற்கு ஷெட்லாந்தின் கிங் ஜார்ஜ் தீவில் போலந்தின் ஆர்க்டோவ்ஸ்கி ஆய்வு நிலையத்தைச் சுற்றி ஐரோப்பியப் புல் ஒன்று மனிதர்களோடு வந்து வேரூன்றி, இன்றுவரை ஒழிக்கப் பாடுபடுகிறார்கள். ஊரிலேயே பையைத் துவைத்து, வெல்க்ரோவை ஊசியால் சுரண்டி எடுத்து வந்தால் இங்கே பத்து நிமிடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகலாம். இந்தச் சோதனையையும், நடத்தை விதி, படகுப் பாதுகாப்பு விளக்கக் கூட்டங்களையும் தவறவிட்டவரைக் கரையில் இறக்க மாட்டார்கள். சோதனையைக் கடுமையாக நடத்தும் கப்பல் நல்ல கப்பல். ஏனோதானோ என்று நடத்துவது மற்ற விஷயங்களிலும் அப்படித்தான் இருக்கும்.

பல கப்பல்களில் மேலங்கியைத் தந்துவிடுவார்கள், முழங்கால்வரை வரும் ரப்பர் பூட்ஸை இரவல் கொடுப்பார்கள். நீர்புகாக் காற்சட்டையைப் பெரும்பாலும் தருவதில்லை. பலரும் மறப்பதும் அதைத்தான். உஷுவாயாவில் வாடகைக்குக் கிடைக்கும். காற்சட்டையின் கால் பகுதி பூட்ஸுக்கு வெளியே தொங்க வேண்டும். உள்ளே செருகினால் படகிலிருந்து இறங்கும்போது அடிக்கும் ஓர் அலை பூட்ஸை நிரப்பிவிடும். கோடையில் இங்கே வெப்பநிலை உறைநிலையை ஒட்டி, சில டிகிரி மேலே கீழே இருக்கும். குளிரைவிட ஈரமும் காற்றும்தான் எதிரி. தோலை ஒட்டி மெரினோ கம்பளி உள்ளாடை, அதன்மேல் ஒரு ஃப்ளீஸ், வெளியே நீர்புகாத அடுக்கு. பருத்தி உள்ளாடையும் ஜீன்ஸும் வேண்டாம், நனைந்தால் காயாது. பூட்ஸ் அளவு தடித்த கம்பளிக் காலுறையோடு போட்டுப் பார்த்து வாங்க வேண்டும். இறுக்கமான பூட்ஸில் ரத்த ஓட்டம் குறைந்து, எத்தனை காலுறை போட்டாலும் விரல் மரக்கும். கையுறையில் மெல்லியது ஒன்று, அதன்மேல் நீர்புகாதது ஒன்று. கருப்புக் கண்ணாடியும் சன்ஸ்கிரீனும் கட்டாயம். பனியில் பட்டுத் திரும்பும் வெயில் தாடைக்கு அடியிலும் மூக்குத் துளைக்குள்ளும் சுடும்.

கேமரா பேட்டரி குளிரில் சீக்கிரம் இறங்கும். உபரிப் பேட்டரியை உள்சட்டைப் பையில், உடம்புச் சூட்டில் வையுங்கள். கப்பலுக்குத் திரும்பியதும் கேமராவைப் பையிலிருந்து எடுக்காமல் ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள். உடனே எடுத்தால் கண்ணாடிக்குள் நீர் பூக்கும்.

படகும் கரையும்

ஜோடியாக்கில் பத்துப் பேர் உட்காருவார்கள். ஏறும்போது கைகுலுக்குவதுபோல விரலைப் பிடிக்கக் கூடாது. நீங்கள் மாலுமியின் முன்கையைப் பிடிக்க, அவர் உங்கள் முன்கையைப் பிடிப்பார். ஈரக்கையும் வழுக்காத பிடி அது. இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும், கேமரா பைக்குள். படகின் ஓரக் குழாயில் ஒரு கால், உள்ளே உள்ள படியில் ஒரு கால், பிறகு தரை. உடனே உட்கார்ந்து, குழாய் மேலேயே நகர்ந்து உங்கள் இடத்துக்குப் போங்கள். ஓட்டுநர் சொல்லாமல் யாரும் எழக் கூடாது. கரையில் இறங்கும்போது படகின் முன்பக்கம் வந்து, கால்களைக் கரைப்பக்கமாகச் சுழற்றிப் போட்டு, முழங்கால் ஆழத் தண்ணீரில் இறங்க வேண்டியிருக்கும். முட்டி வலி உள்ளவர்களுக்கு இதுதான் உண்மையான சோதனை. ஒரு நாற்காலியின் கையைப் பிடிக்காமல் எழுந்து உட்கார முடிகிறவர் இதைச் சமாளித்துவிடுவார்.

கரையில் கழிப்பறை கிடையாது, சாப்பாடு கிடையாது. தண்ணீர் மட்டும் குடிக்கலாம். பென்குயினிடமிருந்து ஐந்து மீட்டர், ஃபர் சீலிடமிருந்து பதினைந்து மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். பென்குயின்கள் கடலுக்கும் கூட்டுக்கும் நடந்து நடந்து பனியில் குழித்த பாதைகளில் நாம் நிற்கக் கூடாது. அங்கே முன்னுரிமை அவற்றுக்கு. மென்பனியில் உங்கள் கால் முழங்கால்வரை புதைந்தால் அந்தக் குழியை மூடிவிட்டு நகருங்கள். அதில் விழும் பென்குயினால் ஏறி வரமுடியாது. பறவைக் காய்ச்சல் வைரஸ் 2024 பிப்ரவரியில் தீபகற்பத்தில் உறுதியானதிலிருந்து கட்டுப்பாடு இறுகிவிட்டது: தரையில் உட்காரவோ மண்டியிடவோ படுக்கவோ கூடாது, பையைக் கீழே வைக்கவும் கூடாது. கப்பலுக்குத் திரும்பும் ஒவ்வொரு முறையும் பூட்ஸைத் தேய்த்துக் கழுவி, கிருமிநாசினியில் முக்கி எடுக்க வேண்டும். ஆகையால் லென்ஸை மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம். 100-400 மாதிரியான ஒரே ஜூம் போதும். பென்குயின் எச்சத்தின் நெடி துணியில் ஏறும். கிரில் என்ற இறால் போன்ற சிற்றுயிரைத் தின்பதால் இளஞ்சிவப்பாக இருக்கும் அந்தச் சேறு பூட்ஸின் வெட்டுக்களில் ஒட்டினால், காயுமுன் கழுவினால்தான் போகும்.

எங்கே இறங்குவது என்பதைப் பயணத் தலைவர் முந்தின இரவுதான் அறிவிப்பார், காலையில் மாற்றுவார். குவர்வில் தீவின் ஜென்டூ பென்குயின் குடியிருப்பும், பாரடைஸ் விரிகுடாவும், லெமேர் கால்வாயும் கிடைத்தால் பயணம் நிறைவு. நெக்கோ துறைமுகத்தில் இறங்குபவர்கள் கடற்கரையில் தேங்கி நிற்கக் கூடாது. எதிரே பனியாறு உடைந்து விழுந்தால் சில நொடியில் அலை கரையேறும். வழிகாட்டி மேலே போகச் சொன்னால் படம் எடுப்பதை நிறுத்திவிட்டுப் போங்கள். டிசெப்ஷன் தீவு எரிமலையின் வாய்க்குள்ளேயே கப்பல் நுழையும் இடம். 1967 முதல் 1970 வரை வெடித்த எரிமலை அது. போர்ட் லாக்ராயில் 1944-இல் பிரிட்டன் அமைத்த நிலையம் இப்போது அருங்காட்சியகமாகவும் தபால் நிலையமாகவும் இருக்கிறது. அங்கே போட்ட அஞ்சலட்டை வீடு வந்துசேர மாதக்கணக்கில் ஆகும். எம்பரர் பென்குயினை இந்தப் பாதையில் எதிர்பார்க்காதீர்கள். அதைப் பார்க்கத் தீபகற்பத்தின் கிழக்கே உள்ள வெட்டெல் கடல் பக்கம் போகும் வேறு வகைப் பயணம் தேவை.

மாதம் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். நவம்பரில் பனி வெள்ளைவெளேரென்று இருக்கும், பென்குயின்கள் கல் பொறுக்கிக் கூடு கட்டும், ஆனால் சில கால்வாய்கள் இன்னும் அடைபட்டிருக்கலாம். டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரிவரை குஞ்சுகள், விலை உச்சம். பிப்ரவரி, மார்ச்சில் பனி அழுக்காகிவிடும், பென்குயின் குடியிருப்பு சேறாக இருக்கும், ஆனால் வில்ஹெல்மினா விரிகுடாவில் ஹம்ப்பேக் திமிங்கலங்கள் படகை ஒட்டி வந்து மேயும். திமிங்கலத்துக்காகப் போகிறவருக்கு மார்ச் முதல் வாரத்தை விடச் சிறந்தது இல்லை, விலையும் இறங்கியிருக்கும்.

கயாக் பயணத்துக்குத் தனிக்கட்டணம். அமைதியான விரிகுடாவில் பனித்துண்டுகள் உரசும் சத்தத்துக்கு நடுவே துடுப்பு போடுவது வேறெதிலும் கிடைக்காத அனுபவம்தான். ஆனால் அந்த நேரம் கரை நேரத்திலிருந்து கழியும், காற்றால் முதலில் ரத்தாவதும் அதுதான். பயணம் முழுக்கப் பணம் கட்டும் திட்டத்தை விட ஒரே ஒரு முறை போகும் திட்டமே பெரும்பாலோருக்குப் போதும். பனியில் இரவு தூங்கும் முகாமுக்கு ஆசைப்படுபவர்கள், அங்கே கூடாரம் பல சமயம் கிடையாது, சாப்பாடும் கிடையாது என்று தெரிந்து போங்கள்.

இந்தச் சேவையின் உண்மையான குறை அதன் வெற்றிதான். ஒரு பருவத்தில் இப்போது 1 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வருகிறார்கள். கப்பல்கள் ஒன்றையொன்று பார்க்காதபடி அட்டவணை போட்டிருப்பதால் கூட்டம் கண்ணில் படாது, அவ்வளவே. புகைக்கரி படிவதால் ஒவ்வொரு பயணியின் வருகைக்கும் சுமார் 83 டன் பனி முன்கூட்டியே உருகுகிறது என்று 2022-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. கனரக எண்ணெயை எரிப்பதற்கு 2011 ஆகஸ்டு முதல் தடை இருக்கிறது. இருந்தாலும் கப்பலின் வயதையும் எரிபொருளையும் கேட்டுத் தேர்ந்தெடுப்பது பயணியின் கடமை.

டிரேக்கே வேண்டாம் என்பவர்களுக்குச் சிலியின் புன்டா அரீனாஸிலிருந்து கிங் ஜார்ஜ் தீவுக்கு விமானம் உண்டு, சுமார் இரண்டு மணி நேரம். கடலில் போகும் நான்கு நாள் மிச்சமாகும், விலை அதிகம். தீவின் ஓடுபாதை சரளைக்கல். மேகம் இறங்கினால் தரையிறங்க முடியாது. ஒன்றிரண்டு நாள் தாமதம் சகஜம், அந்த நாள் உங்கள் அண்டார்டிகா நாளிலிருந்து போகும். பை வரம்பும் குறைவு. விடுமுறை குறைவாக இருப்பவர்களுக்கும் கடல் குமட்டல் கடுமையாக உள்ளவர்களுக்கும் மட்டும் இது பொருந்தும்.

காப்பீட்டில் சிக்கனம் வேண்டாம். அவசர வெளியேற்றத்துக்கு மட்டும் குறைந்தது 1 லட்சம் டாலர் ஈடு இருக்க வேண்டும். பல நிறுவனங்கள் இதைவிடக் கூடுதலாகவே கேட்கின்றன. ஆவணத்தில் அண்டார்டிகா என்ற பெயர் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். சில காப்பீடுகள் 60 டிகிரி தெற்குக்குக் கீழே செல்லாது. தினமும் சாப்பிடும் மாத்திரைகளை இரண்டு வாரத்துக்கு உபரியாகக் கைப்பையில் வையுங்கள், சரக்குப் பையில் வேண்டாம். உஷுவாயாவுக்கு வரும் விமானம் தாமதமாவதும் பை வந்துசேராமல் போவதும் அடிக்கடி நடக்கும். கப்பல் யாருக்காகவும் நிற்காது. கிளம்பும் நாளுக்குக் குறைந்தது ஒரு நாள், முடிந்தால் இரண்டு நாள் முன்பே அங்கே இருங்கள். திரும்பும்போது கப்பல் காலையில் கரை சேர்ந்தாலும் விமானத்தை மதியத்துக்குப் பிறகு, முடிந்தால் மறுநாளுக்குப் பதிவு செய்யுங்கள்.